எப்சிபாவிடம் மார்க் கேட்டவர்கள்

பொன்னன்விளையில் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று காலையில், வாழைத்தார் வண்டி ஓட்டும் செல்வினின் ஒரே மகள் எப்சிபாவிடம் எவ்வளவு மார்க் என்று முதலில் கேட்கப் போனவள் எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம்தான். கேட்பதற்கென்றே குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருந்து, பிள்ளை வந்ததும் வாயைத் திறந்தாள், ஆனால் அத்தனை பெண்கள் சுற்றி நிற்க அவள் வாயிலிருந்து வந்ததோ, "எட்டாங்கிளாஸ், கணக்குல பதினேழு, இங்கிலீசுல ஒம்பது" என்பதுதான். யார் சொன்னது என்று அவளே திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் கேட்கப் பார்த்தாள், மறுபடியும் அதே பதினேழும் ஒன்பதும் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாக வந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முக்கால் நிரம்பிய குடத்தை இடுப்பில் ஏற்றி அவள் போய்விட்டாள். பத்தாவது வரைக்கும் படித்ததாக அல்லவா இத்தனை வருஷமும் சொன்னாள் என்று ஒருத்தி சொல்ல, தண்ணீர் நிற்கிற நேரம் ஆகிவிட்டதால் மற்றவர்கள் தங்கள் குடத்தை ஓரடி முன்னே நகர்த்தி வைத்தார்கள்.

மதியத்துக்குள் மளிகைக்கடை சாமுவேல் அண்ணாச்சிக்கும் அப்படியே ஆனது. துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே பிள்ளையிடம் கேட்க வாயெடுத்தவர், பத்தாங்கிளாஸ் ரெண்டாம் தடவை நூற்றுத் தொண்ணூறு என்று தன் கணக்கைச் சொல்லிவிட்டார், உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் சம்சாரம் முறத்தை நிறுத்திவிட்டு, "ரெண்டாந்தடவயா?" என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் சென்னையிலிருந்து செல்வினின் அண்ணன் ஞானதுரை போன் செய்தார். இரண்டு பெண்களையும் இன்ஜினியர் ஆக்கியவர், தம்பி மகளின் மார்க்கைக் கேட்டு ஆறுதல் சொல்வதற்கு வசதியாக சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துதான் போன் போட்டிருப்பார், போன் வழியாகவும் அவர் மார்க்தான் வந்தது, அவரும் போனை வைத்துவிட்டார்.

எப்சிபாவின் தாய் ரூபவதி ரிசல்ட்டுக்கு முந்தின வாரமெல்லாம் முழங்காலில் நின்றவள். மார்க் நிறைய வேண்டுமென்று அவள் கேட்கவில்லை, பிள்ளை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுததை அவள் பார்த்திருக்கிறாள், தெரிந்துகொண்டே ஆண்டவரிடம் இல்லாததைக் கேட்பது அவளுக்கு வராது. என் பிள்ளையை யாரும் மார்க் கேட்டு நோகடிக்காமல் பார்த்துக்கொள்ளும் தகப்பனே என்று மட்டும் கேட்டாள். இதனால்தான் அது நடந்ததா என்று எங்கள் தெருவில் யாரும் ஆராயவில்லை. மழை பெய்தால் எங்கிருந்து மேகம் வந்தது என்றா பார்க்கிறோம், கொடியில் கிடக்கிற துணியைத்தானே எடுக்க ஓடுகிறோம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ரிசல்ட் வந்த பின் வருகிற ஞாயிற்றுக்கிழமை, பாஸான பிள்ளைகளெல்லாம் ஆராதனை முடியும் நேரம் முன்னால் போய் வரிசையாக நிற்க வேண்டும், ஐயர் - போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம் - ஒவ்வொரு பிள்ளையாக எவ்வளவு மார்க் என்று மைக்கில் கேட்பார், பிள்ளை சொல்லும், சபையார் எல்லாரும் ஸ்தோத்திரம் என்போம். ஐந்நூற்றுக்கு மேல் என்றால் ஸ்தோத்திரம் கொஞ்சம் பலமாக வரும், முன்னூறு என்றால் பல்லுக்குள்ளேயே நின்றுவிடும், அந்த வித்தியாசத்தை நாங்கள் யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, ஆனால் முன்னால் நிற்கிற பிள்ளைக்குக் கேட்கும். அந்த ஞாயிறு எப்சிபா வரிசையில் கடைசியாக, ஊதா தாவணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். ஐயர் மைக்கை அவள் பக்கம் நீட்டி வாயைத் திறந்தார், ஒலிபெருக்கி வழியாக ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும்படி, அறுநூற்றுக்கு அல்ல, ஆயிரத்து இருநூறுக்கு அவர் எடுத்த நானூற்றெண்பத்தேழைச் சொன்னார், இயற்பியலில் பெயிலானதையும் அக்டோபரில் எழுதிப் பாஸானதையும் சேர்த்துச் சொன்னார். சபையார் பழக்கத்தில் ஸ்தோத்திரம் என்றோம். ஐயரம்மா முதல் பெஞ்சில் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தார், தோள் மட்டும் குலுங்கிற்று. ஐயரோ மைக்கை அதன் தாங்கியில் வைத்துவிட்டு, ஆசீர்வாதம் கூறி அனுப்பிவிட்டார், அன்றைய ஆசீர்வாதம் வழக்கத்தைவிட மெதுவாகவும் உண்மையாகவும் இருந்ததாகப் பலரும் சொன்னார்கள்.

அதற்குப்பின் ஊர் அதைப் பழகிக்கொண்டது. புதுச் சாலை போட்டால் ஆடு மாடெல்லாம் அதில் நடக்கப் பழகுவதுபோலத்தான். எப்சிபா தெருவில் வந்தால் பெரியவர்கள் சாப்பிட்டியா, அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்கப் பழகினார்கள், ஜாக்கிரதையாக மார்க்கைத் தாண்டிப் போனார்கள். பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகள் தங்கள் டீச்சரை எப்படியாவது எப்சி அக்காவிடம் பேசவைத்துவிட வேண்டுமென்று வாசலில் காவல் கிடந்தன. ஊரில் யார் வீட்டுக்காவது பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தால், அந்தப் பெண்ணின் தகப்பனார் எப்சிபாவைக் காபி கொடுக்கக் கூப்பிட்டு, தம்பி, இந்தப் பிள்ள இப்பத்தான் பிளஸ் டூ முடிச்சிருக்கு, மார்க் கேளுங்களேன் என்று மாப்பிள்ளையைத் தூண்டுவார், அப்படி ஒரு பி.இ. மாப்பிள்ளைக்கு இன்னும் எட்டுப் பேப்பர் பாக்கியிருப்பது தெரியவந்தும் கல்யாணம் நடந்தது, பெண் அவன்தான் வேண்டுமென்றாள். ஓய்வுபெற்ற தாசையா சார் ஒருவர்தான் இதை விரும்பினவர். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தவர், நடை முடித்துத் திரும்பும்போது தினமும் வந்து பிள்ளையிடம் கேட்பார், தன் மார்க் தன் வாயில் கணீரென்று வருவதைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போவார்.

வாழைத்தோட்டத்துக்குத் தார் சுமக்கப் போகும் இசக்கியம்மாள் பள்ளிக்கூட வாசல் மிதித்தவள் இல்லை. எல்லாருக்கும் என்னமோ வருகிறதாமே, எனக்கு என்ன வரும் என்று ஒருநாள் சும்மாட்டுத் துணியோடு வந்து நின்று அவளும் கேட்டாள். வாய் திறந்தது, சின்னப் பிள்ளைக் குரலில் "உள்ளேன் டீச்சர்" என்று வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் சும்மாடு கீழே விழுந்துவிட்டது. இன்னொரு தரம் கேட்டுக்கிடுதேன் மக்கா என்று கெஞ்சி, இன்னொரு தரம் கேட்டு, இன்னொரு தரமும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

இப்படி ஊரே பேசிக்கொண்டிருக்கையில் எப்சிபாவின் மார்க் என்ன என்பது யாருக்கும் தெரியாமலே இருந்தது. வீட்டில் அவள் பாஸ் என்று ஒரு சொல் சொன்னாள், அவ்வளவுதான். ரிசல்ட் அன்று கேரளாவுக்கு லோடு போயிருந்த செல்வின் மறுநாள் வந்து, "பாஸா, போதும்" என்று மகள் தலையில் கைவைத்தான், அதற்குமேல் கேட்கவில்லை, ஒருதரம்கூடக் கேட்கவில்லை. தெரியாத வரைக்கும் அது எவ்வளவாகவும் இருக்கலாம் அல்லவா. அவன் வாரத்துக்கு ஒருநாள் புறவழிச்சாலை ஓரத்து இன்ஜினியரிங் காலேஜ் விடுதிக்குப் பழம் போடுகிறவன், தாரை இறக்கி எடை போட்டு முடிக்கும்வரை சமையல்கட்டின் பின்வாசலில் நின்று, கழுத்தில் அடையாள அட்டை தொங்க வரிசையாக வகுப்புக்குப் போகிற பெண்பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, அந்த முகங்களுக்கு நடுவில் எப்சிபாவின் முகத்தை என்றைக்கோ வைத்துவிட்டான். சீட்டுக்குப் பணம் போதாவிட்டால் வண்டியை விற்றுவிடலாம், தான் வேறொருவருடைய வண்டியைக் கூலிக்கு ஓட்டலாம் என்று முடிவும் செய்துவிட்டான். சாமுவேல் அண்ணாச்சியின் மைத்துனன் வண்டியைச் சுற்றிவந்து டயரை அமுக்கிப் பார்த்துவிட்டும் போயிருந்தான்.

மே மாதம் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்லித்தர முகாம் வைத்தார்கள், மேசை போட்டு விவரம் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், மார்க்கைச் சொன்னால் இந்தப் படிப்பு கிடைக்கும், இது கிடைக்காது, இதற்கு இன்ன தேதிக்குள் விண்ணப்பிக்கணும் என்று பக்குவமாகச் சொன்னார்கள். எப்சிபா முறை வந்தபோது முதல் மேசைக்காரர் தன் மார்க்கைச் சொன்னார், எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். இரண்டாவது மேசையில் இருந்த அம்மா தன் மார்க்கைச் சொன்னார், பிள்ளையின் கையைப் பிடித்து நல்லா வருவம்மா என்று அனுப்பிவிட்டார். மூன்றாவது மேசைக்கு அவள் போகவில்லை. அவளோடு படித்த ராஜகனி நர்சிங்குக்குப் போட்டுவிட்டாள், பின்வரிசை பென்சிகர் ஐ.டி.ஐ. சேர்ந்து யூனிபாரம் தைக்கக் கொடுத்துவிட்டான், அவனுக்கு மார்க் இவளைவிடவும் கம்மி, ஆனாலும் கேட்கிறவர்கள் அவனிடம் கேட்டார்கள், அவன் சொன்னான், அவர்கள் வழி சொன்னார்கள். எப்சிபாவிடம் யாராலும் கேட்க முடியவில்லை, கேட்காமல் யாராலும் வழி சொல்லவும் முடியவில்லை. முதலில் மழைக்கு நனையாமல் குடைக்குள் நிற்பதுபோலத்தான் அவளுக்கு இருந்தது, நிம்மதியாகத் தூங்கினாள்கூட. நாளாக நாளாக, கிணற்றுக்குள் நின்று மேலே போகிறவர்களின் பேச்சைக் கேட்பதுபோல ஆகிவிட்டது. தானாகச் சொல்லலாம்தான். ஆனால் கேட்காத வாய்களுக்கு முன்னால் சொல்லாத வாய் எளிதில் திறப்பதில்லை. டவுனுக்கு மட்டும் இரண்டொரு தரம் தனியாகப் பஸ் ஏறிப் போய்வந்தாள், என்ன வேலை என்று ரூபவதி கேட்டதற்குச் சும்மா விசாரிக்கப் போனேன் என்றாள்.

ஊரார் பிழை செய்தது இங்கேதான். இப்படி ஒரு வரம் பிள்ளைக்கு இருக்கும்போது அதைச் சும்மா வைத்திருப்பானேன் என்று தங்கபுஷ்பம்தான் எடுத்துக்கொடுத்தாள், அவளுக்கு இப்போது எப்சிபாவின் மேல் தன்னுடைய பிள்ளைபோல ஒரு பாத்தியம் வந்திருந்தது. காலேஜ் தாளாளரிடம் நேரே கூட்டிக்கொண்டு போங்க, அவர் மார்க் கேட்பார், அவர் மார்க் அவர் வாயிலேயே வரும், பெரிய மார்க்காக இருந்தால் மனசு குளிர்ந்து சீட்டு கொடுப்பார், சின்ன மார்க்காக இருந்தால் நாணி சீட்டு கொடுப்பார், எப்படியும் பிள்ளை மார்க்கை யாரும் பார்க்கப்போவதில்லை என்றாள். குழாயடியில் இதற்கு மறுப்பு இல்லை. செல்வினுக்கு அது வேதவாக்காகப் பட்டது. ரூபவதி ஜெபித்துப் பார்த்தாள், போ என்றும் வரவில்லை, போகாதே என்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் கழுவி, முன்னால் செல்வினும் ரூபவதியும் நடுவில் எப்சிபாவும், பின்னால் வாழைச்சருகு விரித்த இடத்தில் சாட்சிக்காகத் தங்கபுஷ்பமும் சாமுவேல் அண்ணாச்சியும் உட்கார்ந்து புறப்பட்டார்கள். இத்தனை வருஷம் பின்வாசலில் நின்றவன் அன்று முன்வாசல் வழியாகப் போனான், பளிங்குத் தரையில் செருப்போடு நடக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

தாளாளர் வயதானவர், நல்ல மனுஷர். வாங்க வாங்க என்று எல்லாரையும் உட்காரச் சொல்லி, விடுதிக்கு வருகிற பழம் உங்களுடையதா, நன்றாயிருக்கிறது என்று செல்வினிடம் விசாரித்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எப்சிபாவைப் பார்த்து வாயைத் திறந்தார். பி.யூ.சி., கணக்கு மூன்று தடவை எழுதி நாற்பது என்று வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த குமாஸ்தா தலையைத் திரைக்குள் நுழைத்துக்கொள்பவர்போல் குனிந்தார். தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நாப்பது வாங்கினவன்தான் இவ்வளவு பெரிய காலேஜ் கட்டியிருக்கேன். உன் மார்க் எனக்கு எதுக்கு? சீட்டு உண்டு, பீஸ்லயும் பாத்துச் செய்யலாம். எந்த பிராஞ்ச் வேணும், சொல்லும்மா" என்றார்.

தங்கபுஷ்பம் சாமுவேல் அண்ணாச்சியின் தோளில் இடித்தாள். செல்வின் எழுந்து கும்பிட்டான், கும்பிட்ட கையில் செருப்பும் இருந்தது.

எப்சிபா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டடத்தில் ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது, விடுமுறையில் என்ன வகுப்பென்றால், பெயிலான பேப்பர்களைத் திரும்ப எழுதுகிறவர்களுக்கு வைத்த வகுப்பு. கரும்பலகை முழுக்க ஒரே கணக்கு மேலிருந்து கீழ்வரை இறங்கி, இடம் போதாமல் ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் பெஞ்சில் பக்கத்துத் தெரு ஸ்டீபன் அண்ணன் இருந்தான், படிப்புக் காலம் முடிந்து இரண்டு வருஷமாகியும் பேப்பர் முடியாதவன், காலேஜுக்குப் போகிறேன் என்று இன்னமும் டிபன் பாக்ஸோடு புறப்படுகிறவன், சபையில் நன்றாகப் பாடுகிறவன், இப்போது யாரும் பாடச் சொன்னாலும் எழுந்திருக்காதவன். அவன் அவளைப் பார்த்துவிட்டான். கையைத் தூக்கினான், பாதியிலேயே அதை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டான்.

"சார், நான் மார்க் சொல்லணும்" என்றாள் எப்சிபா.

வேண்டாம்மா, சீட்டுத்தான் தந்தாச்சே என்றார் அவர்.

"இல்ல சார், நான் சொல்லணும். தமிழ் எண்பத்தெட்டு, இங்கிலீஷ் அம்பத்தொண்ணு, கணக்கு முப்பத்தொம்பது, பிசிக்ஸ் நாப்பத்தொண்ணு, கெமிஸ்ட்ரி நாப்பத்திநாலு, பயாலஜி அறுபத்தொம்பது."

இத்தனை நாள் அவளுக்குள்ளேயே கிடந்ததால் அந்த எண்கள் கொஞ்சம் ஈரமாகத்தான் வெளியே வந்தன, முப்பத்தொன்பதைச் சொல்லும்போது குரல் ஒருதரம் நின்று, பிறகு போயிற்று. செல்வின் மகளைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"படிச்சா வரும்டீ. இங்க வந்து உக்காந்து படிச்சா கணக்கு வரும்" என்றான்.

"படிச்சுத்தான்ப்பா முப்பத்தொம்பது."

விடியற்காலையில் லோடு ஏற்ற அவன் எழுந்திருக்கும் போதெல்லாம், கணக்குப் புத்தகத்தின் மேல் தலைசாய்ந்து அவள் தூங்குவதைப் பார்த்தவன் அவன்தான், போர்வையை எடுத்துப் போர்த்தியவனும் அவன்தான்.

எப்சிபா மெல்ல மெல்ல மற்றதையும் சொன்னாள், டவுனுக்குப் போய் விசாரித்தது அதைத்தான். அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கை மட்டும்தான் பார்த்து வரிசைப்படுத்துவார்கள், மற்ற மார்க் அங்கே குறுக்கே வராது. போன வருஷம் எண்பத்திரண்டு வரைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் கட்டாயம் என்று சொல்ல முடியாது, கிடைக்க வழியுண்டு. கிடைக்காவிட்டால் இரண்டாவதாக வரலாறு போட வேண்டும். மூன்று வருஷம் படித்துவிட்டு பி.எட்., அது முடியாவிட்டால் குரூப் ஃபோர் பரீட்சை, அதிலும் தமிழ் உண்டு. பஸ் பாஸ் இலவசம், வண்டியை விற்க வேண்டாம்.

"தமிழ் படிச்சு என்ன ஆவ?" என்று செல்வின் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, அவனுக்கு நிஜமாகவே தெரியாது.

"பாஸாவேன்ப்பா" என்றாள்.

தாளாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை எழுதப் போனபோது எங்க அப்பாவிடம் இப்படிச் சொல்ல எனக்கு வாயில்லாமல் போச்சு என்று குமாஸ்தாவிடம் சொல்வதுபோலச் சொன்னார், எல்லாருக்கும் டீ வரவழைத்தார். குடித்தார்கள். சீட்டைப் பற்றி யாரும் அப்புறம் பேசவில்லை, அவரே வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த செல்வின் சாவியைப் போட்டான், திருப்பவில்லை. வெயில் ஏறிவிட்டிருந்தது, வகுப்பு விட்டு வந்த பிள்ளைகள் அடையாள அட்டைகளை ஆட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒவ்வொரு முகமாக அவன் பார்த்தான், மகள் முகத்தை வைத்திருந்த இடத்திலிருந்து எடுக்கத்தான் வேண்டும், எடுக்கிறதற்கு நேரமாகிறது. பின்னால் தங்கபுஷ்பம் மூக்கைச் சிந்தினாள். தான் சொன்ன யோசனைதானே என்று அவளுக்கு ஒரு பக்கம் கூச்சம், கிடைத்த சீட்டை விட்டுவிட்டாளே என்று ஒரு பக்கம் ஆத்திரம், இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் என்று ஒரு பக்கம் பெருமை, மூன்றும் சேர்ந்து கண்ணில் வந்தது.

செல்வின் மகள் பக்கம் திரும்பினான். இத்தனை நாளும் கேட்காதவன் இப்போது கேட்கப்போகிறான் என்பது அவன் வாயைத் திறக்கும்போதே ரூபவதிக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாங்க என்று அவன் கையைப் பிடித்தாள். அவன் ஒன்பதாவதோடு நின்றவன், எத்தனையோ பேர் தலைகுனிந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள், பிள்ளை முன்னாலும் தெருக்காரர்கள் முன்னாலும் இவரும் குனிய வேண்டுமா என்று பிடியை இன்னும் இறுக்கினாள். அவன் கேட்டான். கேட்கத்தான் வாயெடுத்தான்.

"தமிழ் எண்பத்தெட்டு, இங்கிலீஷ் அம்பத்தொண்ணு, கணக்கு முப்பத்தொம்பது" என்று அவன் வாய் சொல்லிற்று. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி வரைக்கும் ஒன்றையும் விடாமல், ஒன்றையும் விழுங்காமல், நிறுத்தி நிதானமாகச் சொல்லிற்று.

செல்வின் வாயைக் கையால் பொத்தினான். எடுத்துவிட்டு மறுபடியும் கேட்டுப் பார்த்தான். மறுபடியும் அதேதான்.

"அது பிள்ள மார்க்குல்லா? இவரு மார்க் எங்க போச்சு?" என்றாள் பின்னாலிருந்து தங்கபுஷ்பம்.

"இதான் அவரு மார்க். சும்மா இரி புஷ்பம்" என்றார் சாமுவேல் அண்ணாச்சி.

ரூபவதி கண்ணை மூடிக்கொண்டாள், ஸ்தோத்திரம் என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எப்சிபா தகப்பனின் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சின்ன வயதில் லோடு வண்டியில் அப்படித்தான் பிடித்துக்கொண்டு வருவாள். செல்வின் சாவியைத் திருப்பினான். புறவழிச்சாலை முக்கில் வண்டி நின்றது, இடது கைப்பக்கம் திரும்பினால் ஆற்றுப்பாலம் தாண்டிப் பொன்னன்விளை, திரும்பாவிட்டால் டவுன்.

"எப்சி, அந்தத் தமிழுக்கு எங்க போய்ப் பதியணும்?" என்று கேட்டான். இந்தக் கேள்வி கேள்வியாகவே வாயைவிட்டு இறங்கிற்று.

"இ-சேவை மையத்துலப்பா. நாளையோட கடைசி."

"எப்படிப் போகணும்?"

"நேராப் போங்கப்பா" என்றாள்.